என் முகத்தை உப்புப் பொட்டலத்தில் ஒட்டிய மகனுக்கு

ஐயா,

நலமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு மனசில்லை. நீ நலமாக இல்லை என்பது நேற்றுக் காலையில் தெரிந்துவிட்டது. அதையும் நீ சொல்லித் தெரியவில்லை. அடுத்த வாரம் உன் கழுத்தில் மாலை போடப்போகிறவள் சொல்லித் தெரிந்தது. “அத்த, நான் சொன்னேன்னு அவங்ககிட்ட சொல்லிராதீங்க” என்று ஆரம்பித்தவள், பாதியில் போனிலேயே அழுதுவிட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் இன்சூரன்ஸ் எடுக்கப் போன இடத்தில் உனக்குப் பிரஷர் அதிகம் என்று கண்டுபிடித்தார்களாம். பெங்களூரில் ஒரு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, விடாமல் சாப்பிடச் சொன்னாராம். நீ சில நாள் போட்டுப் பார்த்துவிட்டுத் தூக்கிக் கடாசிவிட்டாயாம். “எங்கம்மாவே மாத்திரையை விட்டுட்டாங்க, எனக்கு எதுக்கு?” என்று அவளிடம் சொல்லிவிட்டு, நீ விற்கிற பொடியையே மோரில் கலந்து குடித்துக்கொண்டு திரிகிறாயாம். சொல்லாதே என்று அவள் கேட்டதை நான் மீறிவிட்டேன். இதற்காக அந்தப் பெண்ணிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய் என்று என் காதில் விழுந்தால், கல்யாண மாப்பிள்ளை என்றுகூடப் பார்க்கமாட்டேன்.

இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் அனுப்பாமல் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போடுகிறேன். மானத்தை வாங்குகிறாளே என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும். நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் முகத்தை ஊருக்கெல்லாம் காட்டியிருக்கிறாய்; நான் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஊரறியப் பதில் சொல்கிறேன். போன மாதம் திருவனந்தபுரம் ஆரியசாலையில் நம் ஊறுகாய்க் கடை வாசலில் வண்டி வந்து நின்று, அட்டைப் பெட்டி அட்டைப் பெட்டியாக இறக்கினார்கள். உன் அப்பா பெருமை பொங்க ஒரு பெட்டியைப் பிரித்து ஒரு பொட்டலத்தை என் கையில் கொடுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்க்கிறேன், அதில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் பச்சை எழுத்தில், “மாத்திரைக்கு விடை கொடுத்தாள் என் அம்மா!” கீழே, இந்துப்பு, முருங்கையிலை, பூண்டு, மருதம்பட்டை, எல்லாம் இயற்கை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த நேரம் பிரஷர் மிஷினைக் கையில் மாட்டியிருந்தால் மிஷினே வெடித்திருக்கும். உன் அப்பாவோ, “விடுடி. போட்டோ நல்லாத்தானே இருக்கு? பிள்ள பிழைக்கட்டும், கேட்டியா” என்கிறார். இந்தப் பொட்டலத்தைத்தான் உன் கல்யாணத்தில் தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பக்கத்தில் வைத்து எல்லோருக்கும் கொடுக்கப்போகிறாய் என்பதையும் அவர்தான் சொன்னார். எங்கள் கைக்கு வந்ததே கடைசியாம். சாலைக் கடைத்தெருவில் அதற்கு முன்பே அது விற்றுக்கொண்டிருந்ததாம். ஊர் முழுக்க நான் சிரித்துக்கொண்டிருந்தது எனக்கு மட்டும் தெரியவில்லை.

அந்தச் சிரிப்பு எதற்கு வந்த சிரிப்பு என்று உனக்கு நினைவிருக்கிறதா? நீ லீவில் வந்திருந்தபோது மூன்று பேரும் பொன்முடிக்குப் போனோம். வித்துரா தாண்டி மலைப்பாதையில் ஒரு வளைவில் காரை நிறுத்தினாய். உன் அப்பா ஆசையாக நேந்திரங்காய் சிப்ஸைப் பிரித்து முதல் வில்லையை வாய்க்குக் கொண்டுபோகவில்லை, எங்கிருந்தோ குதித்த குரங்கு ஒன்று பொட்டலத்தோடு பிடுங்கிக்கொண்டு கார் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. இவர் கீழே நின்று, “ஏலே, பாதியாவது தாலே” என்று அதனிடம் கெஞ்சுகிறார். அது இவர் மூஞ்சியைப் பார்த்தபடியே ஒவ்வொன்றாக எடுத்துத் தின்கிறது. எனக்கு விலா நோகச் சிரிப்பு வந்தது. அப்போது எடுத்த படம் அது. குரங்குக்காகச் சிரித்த சிரிப்பை உன் உப்புக்காகச் சிரித்ததாக அச்சடித்திருக்கிறாயே, இது எந்த ஊர் நியாயம்? இன்னொன்றும் சொல்கிறேன். அன்று காலையில் கிளம்பும்போது நான் மாத்திரை போட்டேன். முன்சீட்டிலிருந்து திரும்பித் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தவனே நீதான்.

எனக்குப் பிரஷர் எப்படி ஏறியது, எப்படி இறங்கியது என்ற முழுக்கதை உனக்குத் தெரியாது. நீ கேட்டதுமில்லை. “இப்ப எவ்வளவும்மா?” என்று நம்பரைக் கேட்பாய், “சூப்பர்” என்பாய், போனை வைத்துவிடுவாய். ஆரம்பத்தில் டாக்டரம்மா மாத்திரையும் கொடுத்து, உப்பையும் குறைக்கச் சொன்னார். நான் என்ன சொன்ன பேச்சைக் கேட்காதவளா? சாம்பாரில், பொரியலில், ரசத்தில், எல்லாவற்றிலும் பாதி உப்பு. உன் அப்பா தட்டுக்கு முன்னால் உட்காரும்போதே ஆஸ்பத்திரி வார்டில் உட்கார்ந்த முகத்தோடு உட்காருவார். மாதக்கணக்கில் அப்படிச் சாப்பிட்டோம். பிரஷர் கொஞ்சம்கூட அசையவில்லை. ஒவ்வொரு தடவையும் டாக்டரம்மா, “சேச்சி உப்பு குறைச்சோ?” என்று மலையாளத்தில் கேட்பார். நான் பத்மநாபசாமி மேல் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்வேன். கடைசியில் ஒருநாள் அவர், காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன செய்வீர்கள், ஒன்றுவிடாமல் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். சமையலை முடித்துவிட்டுக் கடைக்குப் பின்கட்டுக்குப் போவேன், ஊறுகாய் ஊறுகிற ஜாடிகளை, நம் பரணிகளைத் திறந்து உப்புப் பார்ப்பேன் என்றதும், “எங்ஙனே நோக்கும்?” என்று கேட்டார். எப்படிப் பார்ப்பது, நாக்கில் விட்டுத்தான். மாங்காய் ஊறிய தண்ணீர், எலுமிச்சை, நார்த்தை, நெல்லிக்காய், மோர் மிளகாய், போதாததற்கு அப்பள மாவு. ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி உள்ளங்கையில் விட்டு உறிஞ்சுவேன். “துப்புமோ?” என்றார். “துப்பினால் எப்படி டாக்டர் உப்புத் தெரியும்? தொண்டையில் இறங்கினால்தானே தெரியும்” என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

நீ சிரிப்பாய். ஆனால் எனக்கு அதுவரை அப்படித் தோன்றவே இல்லை, ஐயா. சாப்பாடு என்றால் தட்டில் விழுவது. கடையில் நாக்கில் விட்டுப் பார்ப்பது வேலை. வேலை எப்படிச் சாப்பாடாகும்? கல்யாணமாகி இந்தக் கடைக்கு வந்த நாளிலிருந்து பார்க்கிற வேலை அது. நம் கடை ஊறுகாய் கெடுவதில்லை என்று சாலைக் கடைத்தெருவில் பேர் இருக்கிறதே, அந்தப் பேரை என் நாக்குதான் வாங்கிக் கொடுத்தது. சோற்றில் உப்பை விட்டுவிட்டு, பரணி பரணியாக உப்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதுவும் இயற்கைதான், தெரிந்துகொள். வெயிலில் விளைந்த உப்பு, மரத்தில் காய்த்த மாங்காய், ஒரு மருந்து கலக்காதது. இயற்கையாகவே என் ரத்தக் குழாயைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நான் பட்ட பாட்டை உன் பொட்டலத்தில் எந்த மூலையில் எழுதியிருக்கிறாய்? முதலில், நாக்கில் விட்டதைத் துப்பிவிட்டு வாய் கொப்பளிக்கப் பழகினேன். “வியாபாரத்தையே துப்புறாளே” என்று உன் அப்பா முறைத்துக்கொண்டார். பிறகு உப்பைத் தராசில் நிறுத்துப் போடும் முறைக்கு மாற்றினேன்; கடைசியில் ஒரு துளி பார்ப்பதோடு சரி. கஞ்சிக்கும் பயற்றுக்கும் அப்பளத்தை நிறுத்தினேன். அப்பளக் கடைக்காரி அப்பளம் இல்லாமல் கஞ்சி குடிப்பது என்ன லேசுப்பட்ட காரியமா? காலையில் வெயில் ஏறும்முன் நடக்கத் தொடங்கினேன். ஆரியசாலையிலிருந்து கோட்டைக்குள் போய்ப் பத்மதீர்த்தக் குளத்தைச் சுற்றி வருவேன். ஆரம்பத்தில் முட்டி என்னைத் திட்டியது, நான் உன் அப்பாவைத் திட்டினேன். மழைக்காலத்தில் குடையோடு நடந்தேன். இடுப்புச் சேலை தளர்ந்தது. டிவி தொடரை விட்டுவிட்டு நேரத்தோடு படுத்தேன். கீரையும் வாழைப்பழமும் நிறையச் சாப்பிடலாமா என்று கேட்டதற்கு டாக்டரம்மா, முதலில் கிட்னி சரியாக இருக்கிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றார். உன் அப்பாவும் தன் சாயங்காலச் சங்கதியை, அதுதான் அந்தக் கிளாஸ் சங்கதியை, எனக்காகக் குறைத்தார். அவர் பிரஷரும் சேர்ந்து இறங்கியது. இத்தனையும் சேர்ந்து, மெல்ல மெல்ல, மாதக்கணக்கில்தான் எனக்குக் குறைந்தது. டாக்டரம்மா இரண்டு மாத்திரையை ஒன்றாக்கினார். அந்த ஒன்று இன்றைக்குக் காலையிலும் என் வயிற்றுக்குள் போயிருக்கிறது. உன் பொடி ஒரு சிட்டிகைகூடப் போகவில்லை, ஏனென்றால் அப்போது உன் பொடி பிறக்கவே இல்லை.

“அம்மா, மாத்திரைய நிறுத்திட்டேன்னு நீயேதானே போன்ல சொன்னே?” என்று கேட்பாய். ஆமாம், சொன்னேன். மறுக்கவில்லை. நம்பர் நன்றாக வந்ததும் எனக்குத் திமிர் வந்துவிட்டது. நடக்கிறேன், உப்பில்லை, தூங்குகிறேன், இனி இது எதற்கு என்று டாக்டரிடம் கேட்காமல் நானாக நிறுத்தினேன். உன்னிடம் பெருமையும் அடித்துக்கொண்டேன். அடுத்து நடந்ததை உன்னிடம் சொல்லவில்லை. பழவங்காடிப் பிள்ளையாருக்குச் சிதறுகாய் போடக் கையை ஓங்கினேன். கோயிலும் கூட்டமும் கடைகளும் எல்லாமாகச் சேர்ந்து சுழன்றன. தேங்காய் கையிலிருந்து நழுவி யார் காலிலோ உருண்டுபோயிற்று. பூ விற்கிறவள் தாங்கிப் பிடித்து உட்காரவைத்தாள். உன் அப்பா என்னை ஆட்டோவில் போட்டு டாக்டரம்மாவிடம் கொண்டுபோனார். டாக்டரம்மா மிஷினைப் பார்த்துவிட்டு, “ஆரு பறஞ்ஞு நிறுத்தான்?”, யார் சொல்லி நிறுத்தினீர்கள் என்று போட்ட சத்தத்தில் வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஆரம்ப நிலையில் இருக்கிற சிலருக்குச் சாப்பாடும் நடையும் மட்டுமே போதும், அப்படிச் சிலரை நானே மாத்திரையில்லாமல் பார்த்துக்கொள்கிறேன், ஆனால் அதை நான்தான் சொல்ல வேண்டும், நீங்கள் சொல்லக் கூடாது என்றார். தூரத்தில் இருக்கிற பிள்ளை பதறுவானே என்று உன்னிடம் மறைத்தேன். மறைத்தது என் தப்பு. நீ அந்தப் பாதிக் கதையைக் கேட்டுக்கொண்டு போய்க் கடை போட்டுவிட்டாய்.

அந்தப் பாதிக் கதை என்ன செய்தது என்று சொல்கிறேன், கேள். பெட்டிகள் வந்து இறங்கிய மறுவாரம் செல்வி கடைக்கு வந்தாள். உனக்குத் தெரியாது அவளை. நாகர்கோவில் பக்கத்துக்காரி, கிழக்கேக்கோட்டையில் ஒரு ஹோட்டலில் மாவு ஆட்டுகிற வேலை. நம்மிடம் ஹோட்டலுக்கு ஊறுகாய் வாங்கிப்போக வருவாள். அன்றைக்குக் கையில் உன் பொட்டலத்தை வைத்துக்கொண்டு, என் முகத்தையும் அதையும் மாறி மாறிப் பார்த்து, “இது நீங்கதானக்கா? அன்னைக்கே சொன்னேன், எங்க முதலாளியம்மா நம்பல்ல” என்று சந்தோஷப்படுகிறாள். “நீங்க விட்டுட்டியன்னு பாத்ததும் நானும் மாத்திரய விட்டாச்சு. இதத்தான் ரெண்டு நேரமும் கஞ்சில போட்டுக் குடிக்கேன். தல மட்டும் கொஞ்சம் பாரமா இருக்கு, பின்னங்கழுத்து வலிக்கி. அது மருந்து பிடிக்கதுக்கு முன்ன அப்பிடித்தான் இருக்கும், இல்லியாக்கா?” என்று என்னிடமே கேட்கிறாள். எனக்கு உயிரே போய்விட்டது. கடையை அப்படியே போட்டுவிட்டு அவளை ஆட்டோவில் ஏற்றினேன். டாக்டரம்மா அவளுக்கு ஒரு தடவை பார்த்தார், உட்காரவைத்து இன்னொரு தடவை பார்த்தார், நர்ஸைக் கூப்பிட்டார். பிறகு பொட்டலத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார். “சேச்சீ, இது உப்பாணு” என்றார். சொல்லிவிட்டு அதில் இருந்த படத்தையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். ஐயா, உன்னைப் பெற்ற நாளிலிருந்து அப்படி நான் யார் முன்னாலும் கூசி நின்றதில்லை.

செல்வியைப் படுக்கவைத்து, மருந்து கொடுத்து, மறுநாள்தான் அனுப்பினார்கள். இப்போது நன்றாக இருக்கிறாள், மாத்திரை போடுகிறாள். ஆனால் என்னைப் பார்த்தால் அவள் சங்கடப்படுகிறாள், என்னவோ அவள் தப்புச் செய்தது போல! அதைப் பார்க்கத்தான் எனக்கு வயிறு எரிகிறது. இந்துப்பும் உப்புதான் என்பது ஊறுகாய்க் கடையில் பிறந்த உனக்குத் தெரியாதா? மலையில் வெட்டினால் என்ன, கடலில் காய்ச்சினால் என்ன, ரோஸ் நிறத்தில் இருந்தால் என்ன, உள்ளே போனால் செய்கிற வேலை ஒன்றுதானே? அதில் முருங்கையிலையைத் தூவிவிட்டால் மருந்தாகிவிடுமா? முருங்கைக்கீரை நல்லது, கீரையாகச் சமைத்துத் தின்னச் சொல். பூண்டு நல்லது, குழம்பில் போடச் சொல். உப்பைக் குறைக்க வேண்டியவளிடம் உப்பையே மருந்தென்று விற்றிருக்கிறாயே, உனக்கு மனசாட்சி எங்கே போயிற்று?

அன்றைக்கே உனக்குப் போன் போட்டேன். நீ மீட்டிங்கில் இருந்தாய். மூன்றாம் தடவைதான் எடுத்தாய். “அம்மா, டென்ஷன் ஆகாதே. பின்னாடி சின்ன எழுத்துல டாக்டர்கிட்ட கேட்டுக்கங்கன்னு போட்டிருக்கோம்.” செல்வி எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள், அவளுக்குப் பெரிய எழுத்தே பெரும்பாடு. என் முகத்தைப் படிக்க அவளுக்கு எழுத்துத் தேவைப்படவில்லை. “அது ஒரு ஸ்டோரிம்மா. கஸ்டமர் எமோஷனலா கனெக்ட் ஆகணும்ல?” கனெக்ட் ஆகிவிட்டாள் ராசா, நேராக ஆஸ்பத்திரிக் கட்டிலில் போய்க் கனெக்ட் ஆனாள். “கல்யாணம் முடியட்டும், லேபிளை மாத்திரலாம்” என்றாய். கல்யாணம் முடியும்வரை எத்தனை செல்விகள் கஞ்சியில் கலந்து குடிப்பார்கள் என்று கேட்டேன். “சிக்னல் கட்டாகுது” என்று வைத்துவிட்டாய். பெங்களூரில் என் குரல் கேட்கும்போது மட்டும் கட்டாகிற சிக்னல்!

இதற்கு நடுவில் உன் தாய்மாமன் திருநெல்வேலியிலிருந்து கூப்பிடுகிறான். அவனைத் தெரியாதா உனக்கு? மாத்திரை போடாமலிருக்க ஒரு சாக்குக் கிடைத்தால் போதும், அதற்குப் பொங்கல் வைத்துக் கும்பிடுவான். “அக்கா, மாத்திர வேண்டாமாம்லா? மாப்ள கம்பெனி சாமான்லா, தப்பா இருக்குமா? கல்யாணத்துல பை குடுக்காம்லா, அதோட நம்ம மாத்திரைக்கு ஒரு கும்பிடு” என்று குதிக்கிறான். ஏற்கெனவே ஒரு தடவை வாய் ஒரு பக்கம் கோணி, நல்லவேளையாகத் தப்பித்தவன் அவன். சீர்த்தட்டோடு வருகிற மாமனுக்கு நீ கொடுத்தனுப்பப்போகிற பரிசு இதுதானா? “டேய், நான் இன்னைக்குக் காலையிலயும் மாத்திர போட்டேன்டா” என்று சொன்னால், “அப்ப படத்துல இருக்கது யாரு?” என்கிறான். என் கூடப் பிறந்தவனே என்னை நம்பமாட்டேன் என்கிறான், பொட்டலத்தை நம்புகிறான்.

இவ்வளவு நாளும் நீ வியாபாரத்துக்காகப் பொய் சொல்கிறாய் என்று நினைத்துத்தான் கொதித்துக்கொண்டிருந்தேன். நேற்றைக்குத்தான் புரிந்தது, நீயே அதை நம்புகிறாய் என்று. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. ஊரை ஏமாற்றுகிற பிள்ளையாக இருந்தால் நாலு அறை அறைந்து திருத்தலாம். தன்னையே ஏமாற்றிக்கொண்டு, தன் கையாலேயே உப்பைக் கலக்கிக் குடிக்கிற பிள்ளையை நான் இங்கிருந்து என்ன செய்ய? உன் தாத்தா கல்லாவில் உட்கார்ந்தபடியே சாய்ந்தார். அவருக்குப் பிரஷர் இருந்தது சாய்ந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். உன் அப்பாவுக்கு இருக்கிறது, எனக்கு இருக்கிறது, உன் மாமனுக்கு இருக்கிறது. உனக்கு மட்டும் எங்கிருந்து விலக்கு வரும்? தலைவலி இல்லையே, மயக்கம் இல்லையே என்பாய். அது சத்தம் போட்டுக்கொண்டா வரும்? எனக்கும் ஒன்றும் தெரியவில்லைதான், பழவங்காடியில் தேங்காய் உருண்டுபோகும்வரை.

நீ இருக்கிற இருப்பைப் பற்றியும் எனக்குத் தெரியும். மத்தியானச் சாப்பாட்டை நாலு மணிக்குச் சாப்பிடுகிறாய். அதுவும் பெட்டியில் வருகிற பிரியாணி. நடு ராத்திரிவரை லேப்டாப். நடப்பது என்றால் லிஃப்டுக்கும் காருக்கும் இடையில்தான். சனிக்கிழமை வந்தால் கூட்டாளிகளோடு கிளாஸ். எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. இயற்கை முறை இயற்கை முறை என்று ஊருக்கு விற்கிறவனே, அதில் ஒன்றையாவது நீ செய்கிறாயா? இயற்கை முறை என்றால் பொட்டலத்தில் வராது. உப்பையும் ஊறுகாயையும் குறைக்கணும், தினம் வியர்க்க நடக்கணும், தொப்பையைக் கரைக்கணும், குடியை விடணும், நேரத்துக்குத் தூங்கணும். ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்துவிட்டுப் பிரஷர் பார்க்கணும், பார்த்ததை டாக்டரிடம் காட்டணும். இதெல்லாம் செய்து, அவரே ஒருநாள், “இனி மாத்திரை வேண்டாம்” என்றால், நான் பழவங்காடியில் நூற்றெட்டுத் தேங்காய் உடைக்கிறேன். அதுவரை போட வேண்டியதைப் போடத்தான் வேண்டும். கோபப்பட்டால் பிரஷர் ஏறும் என்று எனக்குப் புத்தி சொல்லாதே. யாரால் ஏறுகிறது என்று எனக்குத் தெரியும்.

தாம்பூலப் பை விஷயம் முடிந்துவிட்டது. நேற்று மத்தியானம் நானும் செல்வியும் உட்கார்ந்து, கட்டி வைத்திருந்த பைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பொட்டலங்களை வெளியே எடுத்துவிட்டோம். எல்லாம் பெட்டியில் போட்டுக் கட்டி, உன் வியாபாரக் கூட்டாளியின் குடோனுக்கே திருப்பி அனுப்பியாயிற்று. உன் அப்பா முதலில், “பிள்ள கோவிப்பானே” என்று இழுத்தார். உனக்குப் பிரஷர் என்றும் நீ மாத்திரையை விட்டாய் என்றும் சொன்னேன். மனுஷர் எழுந்து வந்து எங்களோடு உட்கார்ந்து பை பிரித்தார். பையில் தேங்காயும் வெற்றிலை பாக்கும் மஞ்சளும் இருக்கும், அது போதும். கடைகளுக்குப் போனதையும் நீ திரும்ப வாங்க வேண்டும், பொடிக்காக நீ போட்ட விளம்பர வீடியோக்களை நீக்க வேண்டும், செல்வியைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும். கல்யாணத்துக்கு அவளை முன்வரிசையில் உட்காரச் சொல்லியிருக்கிறேன், தேடிக் கஷ்டப்பட வேண்டாம்.

திருவனந்தபுரத்தில் ரயிலை விட்டு இறங்கியதும் வீட்டுக்கு வராதே. உன் அப்பா ஸ்டேஷனில் நிற்பார், நேரே டாக்டரம்மாவிடம். விட்ட மாத்திரையை மறுபடி எப்படித் தொடங்குவது என்று அவர் சொல்வார். கல்யாணத்தன்று நீ என்ன சாக்குச் சொல்வாய் என்றும் எனக்குத் தெரியும். நம் வழக்கப்படி தாலி கட்டும்வரை மாப்பிள்ளை பட்டினி, பச்சைத் தண்ணீர் பல்லில் படக் கூடாது. “விரதம்மா, நாளைக்குப் போட்டுக்கிறேன்” என்பாய். அதனால் கல்யாணம் நடத்திவைக்கிற ஐயருக்கே போன் போட்டு, மாத்திரை போட்டால் விரதம் கெடுமா என்று கேட்டேன். அவர் சிரிக்கிறார். “நானே கார்த்தால பிரஷர் மாத்திரையப் போட்டுண்டுதாம்மா ஹோமத்துல உக்கார்றேன். ஒரு வாய் ஜலத்துக்கு அக்னி பகவான் கோவிச்சுக்கமாட்டார்” என்றார். ஆகவே அந்த வழியும் உனக்கு அடைத்துவிட்டது. நீ மணையில் உட்கார்ந்ததும் நான் மேடைக்கு வருவேன். ஒரு கையில் மாத்திரையும் ஒரு கையில் டம்ளரும் இருக்கும். கேமராக்காரர் எடுக்கட்டும், உன் மாமன் பார்க்கட்டும், செல்வி பார்க்கட்டும், உன் கூட்டாளிகளும் பார்க்கட்டும். நாதஸ்வரக்காரரிடமும் தவில்காரரிடமும் பேசி வைத்துவிட்டேன். கெட்டிமேளத்துக்கு ஐயர் விரலை ஆட்டினால் மட்டும் போதாது, நானும் தலையை ஆட்ட வேண்டும். நீ விழுங்கிவிட்டு வாயைத் திறந்து எனக்குக் காட்டிய பிறகுதான் ஆட்டுவேன்.

அம்மா